தேதி வெட்டாத கல்

எனக்குச் சிறு வயதிலிருந்தே தேதிப் பைத்தியம். புத்தகம் வாங்கினால் முதல் பக்கத்தில் தேதி, குடை வாங்கினால் அதன் கைப்பிடியில் தேதி. தென்னங்கன்று நட்டால் பக்கத்துச் சுவரில் கரியால் ஒரு தேதி எழுதிவைப்பேன். தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பல்லாவரம், திரிசூலம், தெற்கே செங்கல்பட்டுவரை பழைய கோயில்களில் உள்ள கல்வெட்டுகளைத் தாள் வைத்துப் படியெடுப்பது என் பொழுதுபோக்கு. வேதக்கோயிலுக்குப் போகிறவன் சிவன் கோயில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அர்ச்சகர்கள் முதலில் முறைப்பார்கள். அப்புறம் பழகிப்போய்த் தண்ணீர் கொடுப்பார்கள். இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில் இந்த விளக்குக்கு ஆடுகள் கொடுக்கப்பட்டன என்று கல்லில் இருந்தால், கொடுக்கப்பட்டன என்றே நம்பினேன். தாளில் எழுதுகிறவன் மாற்றி எழுதலாம், கல்லில் வெட்டுகிறவன் நடந்ததைத்தான் வெட்டுவான் என்பது அப்போது என் எண்ணம்.

அப்படிப்பட்ட நான் இந்தக் குறிப்பில் ஆண்டை எழுதப்போவதில்லை. எழுபதுகளின் தொடக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆண்டையும் மாதத்தையும் எழுதினால், இதில் வரும் பெரிய பதவியில் அப்போது இருந்தவர் யாரென்று எவரும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் அண்ணன் என்று ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. ஆகவே அவரைப் பெரியவர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். நாங்களும் அன்று அவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

என் அண்ணன் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். நல்ல வாத்தியார் என்று பெயர். ஆனால் நாற்பது வயதைத் தாண்டியதும் அவருக்குக் குரல் போகத் தொடங்கியது. திங்கட்கிழமை நன்றாக இருக்கும். புதனுக்குள் கரகரக்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் காற்று மட்டும் வரும். கடைசிப் பெஞ்சிலிருந்து "சார், கேக்கல" என்று குரல் எழும்பும், வகுப்பு சிரிக்கும். டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். பேசுவதைக் குறைக்க வேண்டும், சாக்பீஸ் தூளிலிருந்து விலகியிருக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கிற குரலும் நிற்காது என்றார். பேசாமல் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? வேறு பிழைப்புத் தேட வேண்டிய நிலை.

சாக்பீஸ் செய்யலாம் என்ற யோசனை அவருக்கு அந்த எரிச்சலிலிருந்துதான் வந்தது. பள்ளிக்கு வந்த சாக்பீஸ்கள் அத்தனை மட்டம். ஒன்று, போர்டில் கீறும். இல்லையென்றால் தொட்டதும் மாவாக உதிரும். "நல்லதா ஒண்ணு செய்ய முடியாதாடா? என்ன பெரிய வித்தை?" என்பார். வித்தை ஒன்றும் இல்லைதான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்ற வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கரைத்து, எண்ணெய் தடவிய உலோக அச்சில் ஊற்ற வேண்டும். சற்று நேரத்தில் இறுகிவிடும். எடுத்துத் தட்டுகளில் அடுக்கி வெயிலில் காயவைத்துப் பெட்டியில் போட்டால் ஆயிற்று. வீட்டுப் பின்கட்டில் அண்ணியின் அலுமினியச் சட்டியில் கரைத்து, தகரக் குழாய்களில் ஊற்றிச் செய்து பார்த்தார். தூள் பறக்காத, வழவழவென்று எழுதுகிற சாக்பீஸ். தலைமையாசிரியர் அதை வாங்கித் தம் கையாலேயே போர்டில் எழுதிப் பார்த்துவிட்டு, "சார், இதைக் கொடுத்தா நம்ம ஸ்கூலுக்கு மட்டுமில்ல, நம்ம மிஷன் ஸ்கூல் எல்லாத்துக்கும் நானே சொல்றேன்" என்றார். "ஆனா ஒண்ணு. ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி சரக்கு என் ரூமுக்கு வந்துடணும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வாங்குவோம். உங்களுக்குத் தெரியாததா?"

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத் திட்டம் பற்றிய செய்தி வந்தது. கிராமப்புறத்தில் சிறுதொழில் தொடங்குகிறவர்களின் முதலீட்டுக்கு அரசு உதவும். ஷெட்டுக்கும் கருவிகளுக்கும் முதல் சரக்குக்கும் கடன். தொழில் ஓடத் தொடங்கியதும் முதலீட்டில் ஒரு பங்கு மானியமாக வந்து கடனில் கழிந்துவிடும். நான் அந்தக் காலத்தில் ஐந்தாண்டுத் திட்டங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தவன். நூலகத்தில் ஜப்பானின் கிராமத் தொழில்கள் பற்றி ஒரு புத்தகத்தை எடுத்துவந்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்தாரோ என்னவோ, தலைமாட்டில் வைத்திருந்தார்.

தாம்பரம் கிராமம் இல்லை. ஆகவே இடம் தேடினோம். கீழ்க்கட்டளையில் ஓர் இடம் வந்தது. ஏரியோரம், தரை ஈரமாக இருந்தது. ஈரம் இந்தத் தொழிலுக்கு ஆகாது என்று அண்ணன் வேண்டாமென்றுவிட்டார். கடைசியில் ஊரப்பாக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மேடான காலியிடம் குத்தகைக்குக் கிடைத்தது. நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி. அண்ணன் நடுவில் நின்று நாலாபக்கமும் வெயிலைப் பார்த்தார். மற்றவர்கள் வயலைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்தில் தொழில்களைக் கவனிக்க ஓர் அலுவலர் இருந்தார். நடுத்தர வயது, வெற்றிலைச் சிரிப்பு, ஓட்டை ஜாவா மோட்டார் சைக்கிள். அவரைப் பற்றிக் குறைவாக எழுத எனக்கு மனம் வராது. அண்ணனுக்காக அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. "கடன் கேட்டு வர்றவன் எல்லாம் எங்கிட்ட அரிசி மில்லு, அரிசி மில்லுன்னே உயிரை வாங்கறான் சார். சாக்பீஸ்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான். எனக்கே படிப்பு வந்த மாதிரி இருக்கு" என்பார். தாம்பரம் வீட்டின் பத்திரம் ஈடாகப் போனது. அப்பா கட்டிய வீடு. அண்ணி குரோம்பேட்டையில் தொடக்கப்பள்ளி டீச்சர். சம்பளம் வீட்டுக்குச் சரியாகப் போகும். பெரிய பரீட்சைக்கு முன்பே அண்ணன் வேலையை ராஜினாமா செய்தார்.

மார்ச் முடிவதற்குள் எல்லாவற்றையும் வாங்கியாக வேண்டும், இல்லையென்றால் ஒதுக்கிய தொகை திரும்பிப் போய்விடும் என்றார் அலுவலர். ஆகவே ஷெட்டின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் போடுவதற்கு முன்பே அச்சுகள் வந்துவிட்டன. பளபளவென்று, பூட்டைப்போல் கனமாக, திறந்து மூடுகிற அச்சுகள். பிளாஸ்டர் மூட்டைகள் லாரியில் வந்து இறங்கின. பக்கத்துச் சேரியிலிருந்தும் ஊரிலிருந்தும் சில பெண்களை வேலைக்குப் பேசி வைத்தார் அண்ணன். அச்சைத் திறப்பது, மூடுவது, தட்டில் அடுக்குவது எல்லாவற்றையும் வெறும் அச்சை வைத்தே பழக்கிக் கொடுத்தார். ஈஸ்டருக்குள் எல்லாம் தயார். பள்ளி திறக்கப் போதுமான அவகாசம் இருந்தது. வேண்டிய அளவு வெயிலும் இருந்தது.

அன்று நானும் ஷெட்டில் இருந்தேன். அலுவலர் ஜாவாவை வாசலில் நிறுத்திவிட்டு, பெரிய செய்தியோடு வருகிறவர் நடக்கும் நடையில் வந்தார்.

"சார், இனிப்பு வாங்குங்க. நம்ம யூனியன்ல இந்த ஸ்கீம்ல முதல் யூனிட் உங்களுதுதான். மேல சொல்லிட்டேன். பெரியவரே வந்து திறந்து வெக்கறாராம்."

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "பெரியவரா? இங்கயா?"

"இங்கதான். ரிப்பன் கட்டறோம், வெட்டறார். முதல் அச்சை அவரே திறக்கறார். முதல் சாக்பீஸை எடுத்து, ஒரு போர்டு வெச்சுடுங்க சார், புதுசா, அதுல அவரே எழுதறார். போட்டோகிராபர் வர்றான். பேப்பர்ல வரும். வந்துச்சுன்னா அப்புறம் உங்க மானியத்தை எவன் சார் இழுத்தடிப்பான்?"

"அதுவரைக்கும்?" என்றார் அண்ணன்.

"அதுவரைக்கும் அச்சு மேல ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது!" என்று அலுவலர் சிரித்தார். அச்சுகளில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பாருங்க, கண்ணாடி மாதிரி. போட்டோவுல எப்படி வரும்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அது உத்தரவா, வேடிக்கைப் பேச்சா? வியாபாரியாக இருந்தால் கேட்டுத் தலையாட்டிவிட்டு மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கியிருப்பான். நாங்கள் சம்பளக்காரக் குடும்பம். அப்பா, அண்ணன், அண்ணி, நான் எல்லோரும் மேலே இருப்பவர் சொன்னதைச் செய்து வாழ்ந்தவர்கள். அலுவலர் சிரித்துக்கொண்டு சொன்னால், அன்பாகச் சொன்ன உத்தரவு என்றே எங்கள் காதில் விழும்.

திறப்புக்கல் ஒன்று வேண்டும் என்பது அண்ணனின் எண்ணம். அவர் பணிபுரிந்த பள்ளியில் கிணற்றுக்குக்கூடக் கல் உண்டு. பல்லாவரம் மலையடியில் கல் வெட்டுகிறவர் ஒருவர் எனக்குப் பழக்கம். கோயில் வேலைக்கு வந்தபோது அறிமுகமானவர். நல்ல கருங்கல்லில் பெரியவரின் பெயர், பதவி, "அவர்களால் திறந்து வைக்கப்பட்டது" என்ற வரி, கீழே தேதி. வரிகளை அமைத்துக் கொடுத்தவன் நான். எழுத்தின் உயரம், இடைவெளி எல்லாம் பார்த்துச் செய்தேன். அத்தனை காலம் அடுத்தவன் கல்வெட்டைப் படித்தவனுக்கு, எழுதக் கிடைத்தது என்ற சந்தோஷம். சித்திரையில் ஒரு நாள் குறித்தார்கள். கல் வந்து ஷெட் சுவரில் சாய்ந்து நின்றது.

அந்த நாளுக்கு முந்தின மாலை அலுவலர் வந்தார். சட்டசபை நடந்துகொண்டிருப்பதால் பெரியவரால் வர முடியவில்லை. அடுத்த மாதம் நிச்சயம்.

கல்லைத் திரும்ப மாட்டுவண்டியில் பல்லாவரத்துக்குக் கொண்டுபோனோம். கல் வெட்டுகிறவர் பீடியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், கண்ணாலம் தள்ளிப்போச்சா?"

"ஆமாம்பா. தேதி மட்டும் மாத்தணும்."

"பொண்ணு ரெடியா கீது, மாப்ள தான் வரலியா?" என்று சிரித்தார். பழைய தேதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, கொஞ்சம் பள்ளமான அந்த இடத்தில் புதுத் தேதியை வெட்டினார்.

வைகாசியில் பெரியவர் தென்மாவட்டங்களில் சுற்றுப்பயணம் போனார். கல் மறுபடியும் பல்லாவரத்துக்குப் போனது. இந்த முறை அவர் உளியைக் கையில் எடுக்கவே இல்லை.

"தோ பாரு சார். ஒவ்வொரு தபாவும் செதுக்கிக்கினே இருந்தா அந்த எடம் குயி ஆயிடும். மய பெஞ்சா அதுல தண்ணி நிக்கும், காக்கா வந்து குடிச்சிகினு போவும். பெரிய மனுசன் பேருக்குக் கீய காக்கா தண்ணி குடிக்கலாமா, நீயே சொல்லு."

"அப்ப என்ன செய்யறது?"

"இருக்கறத எடுத்துட்டு மட்டமா வுட்டுடறேன். அந்தாளு வரட்டும். வந்த அன்னிக்கி நானே சைக்கிள்ல வந்து வெட்டிக் குடுத்துட்டுப் போறேன். கூலி வேணா. டீ வாங்கிக் குடு, போதும்."

அப்படியே ஆயிற்று. தேதி இருக்க வேண்டிய இடம் வழித்த தட்டைப்போல் வெறுமையாக, கல் ஊரப்பாக்கத்துக்குத் திரும்பி வந்தது.

வேலைக்குப் பேசிய பெண்கள் தினமும் காலையில் வந்தார்கள். ஷெட்டைக் கூட்டுவார்கள், தட்டுகளைத் துடைப்பார்கள், மாவிலைத் தோரணம் காய்ந்தால் மாற்றுவார்கள். அதற்குமேல் வேலை இல்லை. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப அண்ணனுக்கு மனம் வராது. அரைக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களில் வாயாடியான ஒருத்தி ஒரு நாள் கேட்டாள்.

"வாத்தியாரே, ஷெட்ட இப்பிடி ஜோடிச்சி வெச்சிகினு குந்திகினு கீறோமே, நெசமாவே அந்த ஆளு வருவாரா, இல்ல நீ சும்மா சொல்றியா?"

"வருவாரும்மா. பெரிய பதவி. ஆயிரம் வேலை இருக்கும்."

"அவருக்கு ஆயிரம் வேல. எங்களுக்கு ஒண்ணு குடுன்னு தான கேக்கறோம்."

மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அடுத்த வாரம் அவர்களில் பாதிப் பேர் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். அவள் கடைசியாகப் போனாள். போகும்போது, "ஆரம்பிச்சா சொல்லி அனுப்பு வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தாம்பரம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கே போய் ஊத்துங்க. அச்சைக் கழுவித் துடைச்சு வெச்சா புதுசு மாதிரியேதான் இருக்கப்போகுது. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே" என்றார் அண்ணன்.

"உங்களுக்குத் தெரிஞ்சா ஒண்ணும் கெட்டுப்போகாது. உங்க குரலுக்கு நீங்க சொன்னாலும் யாருக்கும் கேக்காது."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்: "இதுதான் முதல் சாக்பீஸ்னு சொல்லி அவர் கையில கொடுக்கணும். அது இந்த அச்சோட முதல் சாக்பீஸா இருக்கணும் இல்லையா? பொய்யில ஆரம்பிச்சா எப்படி விளங்கும்?"

"பொய்யோ நெசமோ, முதல்ல ஆரம்பிங்க."

"சொல்லிட்டாரு. தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

அண்ணி மோர்ச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். அண்ணன் பொய் சொல்லாதவர் என்பதற்காகத்தான் அவளுடைய அப்பா அவரை மாப்பிள்ளையாக எடுத்தார். இப்போது அதையே குற்றமாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை என்று நினைக்கிறேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் அண்ணன் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனார். குரல் எழும்பாத நாள். நான் துணைக்குப் போனேன். தலைமையாசிரியர் உட்காரச் சொன்னார். பழைய சகா என்ற மரியாதை குறையவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா..." என்று தொடங்கினார் அண்ணன்.

"சார், நீங்க இங்க இருந்தவர். திங்கட்கிழமை எல்லா கிளாஸுக்கும் போர்டு இருக்கும், வாத்தியார் இருப்பார், பசங்க இருப்பாங்க. வாத்தியார் எதை வெச்சு எழுதுவார்? விரலையா?"

"பெரியவர் வந்து திறந்துட்டா, மறுநாளே..."

"வரட்டும். நல்லா வரட்டும். நான் பாரிமுனைக் கடைக்கு ஆர்டர் போட்டாச்சு. அடுத்த வருஷம் உங்ககிட்டயே வாங்கறோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மத்த ஸ்கூலுங்களும் அங்கதான் போட்டிருக்காங்க. நான்தான் அந்தக் கடையைச் சொன்னேன். என்ன சார் பண்றது? அவங்களும் எங்கிட்டதான் கேக்கறாங்க."

வெளியே வந்தோம். வாசலில் புது நோட்டுப் புத்தகங்களோடு பிள்ளைகளைக் கூட்டிவந்த பெற்றோர் கூட்டம். அண்ணனிடம் படித்தவன் ஒருவன் தன் தம்பியைச் சேர்க்க வந்திருந்தான். "சார், இந்த வருஷம் எந்த கிளாஸ் சார் எடுக்கறீங்க?" என்று கேட்டான். அண்ணன் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு நடந்தார்.

ஆனி போயிற்று. ஆடி பிறந்ததும் அலுவலர் வந்து கையைப் பிசைந்தார். "பெரியவர் இதெல்லாம் பார்க்கறவர் இல்ல சார். ஆனா அவங்க வூட்டம்மா பார்ப்பாங்க. ஆடியில எதுவும் ஒத்துக்கறதில்லை. ஆவணி முதல் முகூர்த்தம் நமக்குத்தான்." இயேசுவின் படம் மாட்டிய ஷெட்டில் நாங்கள் ஆடி முடியக் காத்திருந்தோம். பெரியவர் எழுதுவதற்கென்று வாங்கிய கரும்பலகை மேல் ஆடிக் காற்று செம்மண்ணைப் படியவைத்தது. அண்ணன் தினமும் பஸ் பிடித்துப் போய் அதைத் துடைத்துவிட்டு வருவார். அந்த மாதத்தில் மாலை வேளைகளில் இடிமழை. பக்கவாட்டில் அரைச் சுவரும் கம்பி வலையும் வைத்த ஷெட். வெயிலும் காற்றும் உள்ளே வரட்டும் என்று அண்ணனே வரைந்து கட்டிய அமைப்பு. மழையும் அதே வழியில் உள்ளே வந்தது. மூட்டைகள்மேல் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்தோம். மேலே நனையவில்லை. ஆனால் அந்தத் தூளைக் கெடுக்க மழைத்துளி தேவையில்லை. காற்றிலுள்ள ஈரம் போதும்.

ஆவணியில் பெரியவர் வரவில்லை. அலுவலரும் வரவில்லை. அவரை வட ஆற்காட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று ஒரு பியூன் சொல்லித்தான் தெரிந்தது. போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட அவருக்கு அவகாசம் இருந்திருக்காது. இருந்திருந்தால் வந்திருப்பார் என்று அண்ணன் சொல்வார். நானும் அதை நம்புகிறேன்.

புரட்டாசியில் புது அலுவலரைப் பார்க்கப் போனோம். இளைஞர், மதுரைப் பக்கம். மேசையில் அலுவலகக் கட்டுகள் மலைபோல் கிடந்தன. பொறுமையாகத்தான் கேட்டார்.

"தொழில் எப்ப சார் தொடங்குனீங்க?"

"இன்னும் தொடங்கல. பெரியவர் வந்து திறந்து வெக்கணும்னு..."

"விழா தனி, தொழில் தனி. ரிப்பன் வெட்டலைன்னு சாக்பீஸ் காயாதா? கடன் வாங்குன அன்னிக்கே தொடங்கியிருக்க வேண்டியதுதானே?"

"தொட வேண்டாம்னு சொன்னாங்க."

"யாரு?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர்."

"எழுத்துல கொடுத்தாரா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சார், ஒரு ஆபீசர் போற போக்குல ஆயிரம் சொல்லுவார். அதுக்காக யாராவது தொழிலை நிறுத்தி வெப்பாங்களா? நீங்க படிச்சவங்க." அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "தொடங்காத தொழிலுக்கு மானியம் கேட்டு நான் எப்படி எழுதறது? தவணையும் ஆரம்பிச்சாச்சு. நாளைக்கே போய்த் தொடங்குங்க, நான் வந்து பார்த்து எழுதறேன்."

திரும்பி வரும்போது செங்கல்பட்டு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தோம். வண்டலூர் தாண்டியதும் அண்ணன் என் காதருகே குனிந்தார். "அவரு சொன்னாருடா. நீயும் இருந்த இல்ல?"

"இருந்தேன் அண்ணா."

"அது போதும்" என்றார். எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை.

மறுநாளே தொடங்கினோம். நான் லீவு போட்டேன். அண்ணியும் வந்தாள். செங்கல் சூளைக்கு ஆள் அனுப்பியதில் அந்த வாயாடிப் பெண் மட்டும் வந்தாள். அச்சுக்கு முதன்முதலாக எண்ணெய் தடவியது அண்ணன்தான். மூட்டையைப் பிரித்தபோது தூள் உதிரியாக இல்லை, கட்டி கட்டியாக வந்தது. சலித்துக் கரைத்து ஊற்றினோம். இறுக வேண்டிய நேரம் கடந்தும் இறுகவில்லை. அவள் விரலால் தொட்டுப் பார்த்து, "தயிர் மாதிரி கீது வாத்தியாரே" என்றாள். வெகுநேரம் கழித்து அச்சைத் திறந்தோம். சாக்பீஸ்கள் வரிசையாகத்தான் இருந்தன. பார்வைக்கு நல்ல வெள்ளை. அண்ணன் ஒன்றை எடுத்தார். கையோடு பாதி வந்தது. அதைக் கொண்டுபோய்ப் பெரியவருக்கென்று வைத்திருந்த போர்டில் ஒரு கோடு இழுத்தார். கோடு விழவில்லை, ஈரமான மாவு உதிர்ந்தது. அடுத்த மூட்டையும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படியே. மாலைக்குள் எல்லா மூட்டையும் பார்த்துவிட்டோம். அண்ணி அச்சுகளைக் கழுவித் துடைத்து வைத்தாள். அவள் சொன்னது சரிதான். புதுசு மாதிரியே இருந்தன.

புதுச் சரக்கு வாங்கப் பணம் இல்லை. கடனில் மேற்கொண்டு கொடுக்க விதி இல்லை. வாங்கியிருந்தாலும் ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. காயவைக்க வெயில் இல்லை, விற்கப் பள்ளி இல்லை. மறு ஆண்டுக்குள் அச்சுகளை அலுவலகத்தார் எடுத்துப் போனார்கள். அவற்றின் நிலை பற்றி அவர்கள் எழுதிக்கொண்டதை வந்தவரே சத்தமாகப் படித்தார்: "பயன்படுத்தப்படாத, நல்ல நிலை." தாம்பரம் வீடு கைமாறியது. நான் ஓர் அறை பார்த்துக்கொண்டு தனியாகப் போனேன். அண்ணனும் அண்ணியும் அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் வாடகைக்குக் குடியேறினார்கள்.

அங்கே அவர் டியூஷன் எடுத்தார். டாக்டர் எதைச் செய்ய வேண்டாமென்றாரோ அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. கடையில் வாங்கிய மட்டமான சாக்பீஸ், அதன் தூள், அதே கணக்குகள். குரல் முற்றிலும் நின்ற பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பேசாத வாத்தியாரிடம் எதற்கு அனுப்புவார்கள்? அதன்பின் அண்ணியின் சம்பளம்தான்.

இந்தக் காலத்தில் எப்போதோ நான் கல்வெட்டுகளைப் படியெடுப்பதை விட்டுவிட்டேன். கடைசியாகப் போன கோயிலில் ஒரு கொடைக் கல்வெட்டு. அழகான எழுத்து, ஆட்சியாண்டு தெளிவாக இருந்தது. தாளை நனைத்துக் கல்மேல் ஒட்டியவன் அப்படியே நின்றேன். கொடுத்தானா? அந்த விளக்கு எரிந்ததா? கொடுக்க இருக்கிறான் என்று யாரோ சிரித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டு, கும்பிட்டு, வெட்டிவைத்த கல்லா இது? அவனுக்காகக் காத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்த வரியிலும் இல்லை. தாளை உரித்துச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். படித்தது எதுவும் அதற்குப் பிறகு எனக்கு உதவவில்லை. அண்ணனின் தொழில் எப்போது மூடியது என்று என் குறிப்பில் எழுத இடம் விட்டு வைத்திருந்தேன். திறக்காத ஒன்று மூடிய தேதியை எப்படி எழுதுவது?

திறப்புக்கல்லை அண்ணன் விடவில்லை. ஷெட்டை இடத்துக்காரர் வைக்கோல் போட எடுத்துக்கொண்டபோது, எங்களுக்கென்று மிஞ்சியது கரும்பலகையும் அந்தக் கல்லும்தான். பலகை டியூஷனுக்கு ஆயிற்று. கல், அஸ்தினாபுரத்துப் பின்கட்டில், குளியலறைச் சுவரோரம் சாய்ந்து நின்றது. பெரியவரின் பெயரும் பதவியும், கீழே மழுங்க வழித்த பள்ளமும்.

எழுபதுகள் முடிவதற்குள் ஒரு நாள் போயிருந்தேன். பெரியவருக்குப் பதவி போய்ச் சில காலம் ஆகியிருந்தது. அண்ணி வாளியில் துணியை ஊறவைத்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "கிணத்தடியில தரை கரடுமுரடா இருக்கு. துணியெல்லாம் கிழியுது. இந்தக் கல்லைக் கவிழ்த்துப் போட்டா துவைக்க நல்லா இருக்கும். நீங்க ஒரு கை பிடிங்களேன், ரெண்டு பேருமா தூக்கிடலாம்."

நான் எழுந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன் கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினார். அவர் பேசுவதைக் கேட்க அருகில் போய்க் குனிய வேண்டும். குனிந்தேன்.

"பேரு இருக்குடா. மேல சோப்புத் தண்ணி படக் கூடாது. ஓரமா இருக்கட்டும்." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "எல்லாம் வெட்டியாச்சு. தேதி மட்டும்தான் பாக்கி."

"என்ன சொல்றார்?" என்று அண்ணி கேட்டாள்.

நான் சொன்னேன். அவள் கல்லை ஒருமுறை பார்த்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.